உத்திரமேரூர் கல்வெட்டும் டீக்கடை பெஞ்சும்

(உத்திரமேரூரில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு "ஓட்டலும் பாரும் சாதியும்". தலைப்பை அறிவித்ததுமே சிலர் சிரித்தீர்கள். "இப்பல்லாம் யாருங்க சாதி பார்க்கிறாங்க? காசு இருந்தா எந்த ஓட்டல்லயும் உட்கார்ந்து சாப்பிடலாம்" என்று பின்வரிசையில் ஒரு தோழர் சொன்னதும் காதில் விழுந்தது. அந்தத் தோழர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி யாருடைய போராட்டத்தால் வந்தது, மீதிப் பாதி எங்கே ஒளிந்துகொண்டிருக்கிறது என்பதைத்தான் இன்றைக்குப் பேச வேண்டும்.

உள்ளூரிலிருந்தே தொடங்குவோம். ஊருக்கு நடுவில் வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்பீர்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடி இந்த ஊர்ப் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்டார். உலகத்துக்கே ஜனநாயகத்தைச் சொல்லிக் கொடுத்த ஊர் என்று நமக்கும் ஒரு பெருமை.

அந்தக் கல்வெட்டு என்ன சொல்கிறது? சபையில் உறுப்பினராக வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் படித்திருக்க வேண்டும். ஏனென்றால் அது எல்லா மக்களுக்குமான சபையே இல்லை. உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம் என்ற பிரமதேயத்தின் பார்ப்பனச் சபை. உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் பறை அடித்தவனுக்கும் அங்கே ஓலையும் இல்லை, குடமும் இல்லை. பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

யார் பெயரை ஓலையில் எழுதக் கூடாது என்றும் ஒரு பட்டியல் அதில் இருக்கிறது. கணக்குக் காட்டாதவனை விலக்கியதை எல்லோரும் பாராட்டுகிறோம். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதே பட்டியலில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மது அருந்துவதும் சேர்ந்த மாபாதகங்களைச் செய்தவனுக்கு இடமில்லை. விலக்கப்பட்ட உணவைத் தின்றவன் பிராயச்சித்தம் செய்து 'சுத்தம்' ஆனாலும், ஆயுசு முழுக்க அவனுக்குத் தகுதி கிடையாது. சாதியிலிருந்து தள்ளி வைக்கப்பட்டவர்களோடு கலந்து பழகியவனும் பிராயச்சித்தம் செய்யும் வரை வெளியே நிற்க வேண்டும்.

எதைத் தின்றாய்? யாரோடு பழகினாய்? ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னால் கல்லில் வெட்டிய இந்த இரண்டு கேள்விகளைத்தான் நம்முடைய ஓட்டல்களும் டீக்கடைகளும் நேற்று வரை கேட்டுக்கொண்டிருந்தன. பல ஊர்களில் இன்றைக்கும் கேட்கின்றன.

தோழர்களே, ஓட்டல் என்பது நம் சமூகத்துக்குப் புதிய சரக்கு. அதற்கு முன்பு வெளியூர் போனால் கட்டுச்சோறு, இல்லாவிட்டால் சாதிக்கொரு சத்திரம். காசு கொடுத்தால் யாருக்கும் சோறு என்பது சாதியின் அடிமடியில் கை வைக்கிற ஏற்பாடு. முன்பின் தெரியாதவன் சமைத்ததை, முன்பின் தெரியாதவன் பக்கத்தில் உட்கார்ந்து தின்ன வேண்டும். அதனால்தான் ஓட்டல் வந்ததுமே சாதியும் பின்னாலேயே வந்து வாசலில் பலகை மாட்டியது. 'பிராமணாள் காபி கிளப்' என்ற பலகை அப்படி வந்ததுதான். உள்ளே பார்ப்பனருக்குத் தனி அறை, மற்றவர்களுக்கு வேறு இடம். தாழ்த்தப்பட்டவர்களுக்கு வாசல்கூட இல்லை.

இதை எதிர்த்த குரலில் ஒன்று நம் பக்கத்து மண்ணிலிருந்து வந்தது. மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம், மக்கள் கூடும் பொது இடம் எதிலும் ஒடுக்கப்பட்ட மக்களைத் தடுக்கக் கூடாது என்று 1924இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டு வந்து, அதை அரசாணையாகவும் ஆக்கினார். உத்திரமேரூர் என்றால் குடவோலையைச் சொல்கிறவர்கள், இந்த வட்டாரத்தின் ஜனநாயகப் பரம்பரை என்று கோழியாளத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்து பெரியார் இயக்கம். ரயில் நிலைய உணவகங்களில் பார்ப்பனருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் என்று இருந்ததை எதிர்த்துத் தொடர்ந்து போராடி, 1941இல் ஒழித்தார்கள். 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்னால் 'பிராமணாள்' என்ற எழுத்தை அழிக்கச் சொல்லி மறியல் தொடங்கியது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில் தினமும் தோழர்கள் போய் நின்றார்கள், கைதானார்கள், சிறைக்குப் போனார்கள். 1958இல் அந்தப் பெயர் இறங்கியது. ஒரு சொல்லுக்காக இத்தனை பேர் சிறைக்குப் போக வேண்டுமா என்று அப்போதும் சிலர் கேட்டார்கள். அந்தச் சொல் அங்கே இருக்கும் வரை உள்ளே போகிற ஒவ்வொருவனும் 'நான் கீழ்ச்சாதி' என்று ஒப்புக்கொண்டுதான் காபி குடிக்க வேண்டும். 2012இல் ஸ்ரீரங்கத்தில் ஒரு கடை அதே சொல்லோடு மறுபடியும் வந்தது, மறுபடியும் போராட வேண்டியிருந்தது.

பின்வரிசைத் தோழர் சொன்ன பாதி உண்மை இப்படித்தான் வந்தது. காலம் மாறிவிட்டது என்கிறோம். அதை மாற்ற ஆட்கள் சிறைக்குப் போனார்கள்.

இனி மீதிப் பாதிக்கு வருவோம். இது நமக்கே கொஞ்சம் கசக்கும்.

முரளி கபேயில் பலகை மாட்டியவர் யார் என்று நமக்குத் தெரியும். கிராமத்து டீக்கடையில் இரண்டு டம்ளர் வைத்தவர் யார்? அங்கே கல்லாவில் பார்ப்பனர் உட்கார்ந்திருக்கவில்லை. பிற்படுத்தப்பட்ட சாதிக்காரர்தான் உட்கார்ந்திருந்தார். பார்ப்பனருக்குச் சமமாக ஓட்டலில் உட்காரும் உரிமையைப் பெற்ற சாதிகள், அந்த உரிமையைத் தங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மறுத்தன. பார்ப்பன எதிர்ப்பு பேசுகிற இளைஞர், தன் ஊர் டீக்கடையில் தன் சித்தப்பா என்ன செய்கிறார் என்று பார்க்காவிட்டால் அந்தப் பேச்சுக்குப் பாதி விலைதான்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர் பக்கத்து டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும் கண்டுபிடித்தார். கடைக்காரர் கைதானார். தொட்டியில் மலம் கலந்த செய்தி நாடு முழுக்கப் போனது. அந்த டம்ளர் அதற்கு முன்பு எத்தனை வருடம் அங்கே இருந்தது? தினமும் அந்த வழியாகப் போன அதிகாரிகள் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. 2024 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டம் மொரப்பூர் அருகே கூலி வேலைக்குப் போன தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிக் கொடுத்து, அதற்காக இரண்டு பேர் கைதானார்கள். வருடத்தைக் கவனியுங்கள், 2024.

சட்டத்துக்குப் பயந்து சாதி தன் பாத்திரத்தை மாற்றிக்கொள்கிறது. இப்போது பேப்பர் கப் வந்துவிட்டது. எல்லோருக்கும் பேப்பர் கப் என்றால் பிரச்சினை இல்லை. ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், காலனிக்காரருக்கு மட்டும் பேப்பர் கப் என்றால் அது இரட்டைக் குவளைதான். கழுவ வேண்டிய அவசியம்கூட இல்லாத இரட்டைக் குவளை. காலனிப் பையன் கடைக்கு வந்தால் "பார்சலா?" என்று முந்திக்கொண்டு கேட்பதும் அதேதான். டீ தருகிறார்கள், காசு வாங்குகிறார்கள், பெஞ்சில் மட்டும் இடம் இல்லை. காசு தீட்டாவதில்லை, உட்காரும் உடம்புதான் தீட்டாகிறது.

அமெரிக்காவிலும் இதே தந்திரம் இருந்தது. வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ என்ற நகரம். அங்கே உல்வொர்த் கடையில் கறுப்பின மக்கள் பற்பசையும் நோட்டுப் புத்தகமும் வாங்கலாம். அதே கடையின் சாப்பாட்டு மேடையில் உட்காரக் கூடாது. 1960 பிப்ரவரி 1 அன்று நான்கு கறுப்பின மாணவர்கள் பொருள் வாங்கிவிட்டுப் போய் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். காபி கேட்டார்கள். தர மறுத்தார்கள். கடை மூடும் வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பல மாணவர்கள் வந்தார்கள். போராட்டம் பல நகரங்களுக்குப் பரவியது. ஜூலையில் அந்தக் கடை வழிக்கு வந்தது. கத்தவில்லை, கல் எறியவில்லை. உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

சரி, பாருக்கு வருவோம். "டாஸ்மாக்தான் தோழர் சாதியை ஒழித்தது" என்று ஒரு நகைச்சுவை உலாவுகிறது. 2003இலிருந்து மதுவின் சில்லறை விற்பனையும் அரசின் கையில். பாரில் எல்லோருக்கும் ஒரே பிளாஸ்டிக் டம்ளர், ஒரே சுண்டல். ஊர்க்காரரும் காலனிக்காரரும் ஒரே மேசையில் உட்காருவதை நானும் பார்த்திருக்கிறேன். அது பொய் இல்லை. ஆனால் அந்த நட்பு பார் வாசலைத் தாண்டுகிறதா? அந்த நண்பனை மறுநாள் வீட்டுக்குக் கூப்பிட்டு, அம்மா கையால் சோறு போடச் சொல்ல முடியுமா? போதை ஏறும்போது இறங்குகிற சாதி, போதை இறங்கியதும் ஏறிவிடுகிறது. பெண்களுக்கு இடமே இல்லாத சமத்துவம் அது. அன்றைய கூலியை மேசையிலேயே வைத்துவிட்டு வர வேண்டிய சமத்துவமும் அதுதான். அந்தக் காசு வீட்டுக்குப் போயிருந்தால் பிள்ளையின் படிப்புக்கு ஆகியிருக்கும்.

நட்சத்திர ஓட்டல் கதையும் இப்படித்தான். ஐ.டி. வேலைக்குப் போன தோழர் அங்கே கௌரவமாகச் சாப்பிடுகிறார். சந்தோஷம். அங்கே அவரிடம் சாதி கேட்காததற்குக் காரணம், அங்கே அவரை யாருக்கும் தெரியாது. 1917இல் அம்பேத்கர் பரோடாவுக்கு வேலைக்குப் போனபோது, பெயரை மாற்றிச் சொல்லித்தான் ஒரு பார்சி விடுதியில் தங்க முடிந்தது. விஷயம் தெரிந்ததும் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்தவருக்கே அந்தக் கதி. அடையாளம் தெரியாத வரை மட்டும் கிடைக்கிற மரியாதையைச் சமத்துவம் என்று சொல்ல முடியாது. எல்லோருக்கும் உன்னைத் தெரிந்த சொந்த ஊர் டீக்கடையில் உட்கார முடிகிறதா என்பதுதான் பரீட்சை.

அந்த அம்பேத்கரே 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் இன்னொன்றையும் எச்சரித்தார். சேர்ந்து சாப்பிடுவதால் மட்டும் சாதி செத்துவிடாது, சாதி கடந்த திருமணமே உண்மையான மருந்து என்றார். 2016இல் உடுமலைப்பேட்டையில் சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்களே, அந்தக் கொலைகாரர்களும் ஏதோ ஓர் ஓட்டலில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டவர்களாகத்தான் இருப்பார்கள். அதற்காகப் பெஞ்சு முக்கியமில்லை என்று ஆகிவிடாது. சேர்ந்து உட்காரவே விடாத ஊரில் சேர்ந்து வாழ்வது எப்படி நடக்கும்? பெஞ்சு முதல் படி. அதோடு நின்றுவிடாதீர்கள் என்கிறேன்.

தட்டில் என்ன இருக்கிறது என்பதும் பாக்கி இருக்கிறது. 2022 மே மாதம் ஆம்பூரில் அரசே பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது, ஆதிதிராவிடர் ஆணையம் விளக்கம் கேட்டது, விழா தள்ளிப் போனது. கல்வெட்டில் இருந்த 'விலக்கப்பட்ட உணவு' இன்னும் விலகவில்லை, பார்த்தீர்களா?

கடைசியாக வேலைக்கு வருகிறேன். உத்திரமேரூர் ஒன்றியத்தில் 70க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருக்கின்றன. இங்கே இருப்பவர்கள் இரண்டு பேராகப் பிரிந்து, ஒருவர் ஊரிலிருந்தும் ஒருவர் காலனியிலிருந்தும், ஒவ்வொரு ஊர் டீக்கடைக்கும் போங்கள். சேர்ந்து பெஞ்சில் உட்காருங்கள். டீ கேளுங்கள். எந்த டம்ளரில் வருகிறது, யாருக்கு எங்கே இடம் என்று எழுதி வையுங்கள். வித்தியாசம் இல்லாத கடையையும் எழுதுங்கள். அந்தக் கடைக்காரருக்குக் கைகொடுத்துவிட்டு வாருங்கள்.

வித்தியாசம் இருந்தால் சட்டம் நம் பக்கம். அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கடை, உணவகம், ஓட்டலுக்குள் போகும் உரிமையைப் பெயர் சொல்லியே தருகிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் கடையின் பாத்திரங்களைக்கூட விடாமல் சொல்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தப்படி, பொதுப் பயன்பாட்டுக்கான பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுத்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. முதற்கட்ட விசாரணை செய்துவிட்டுத்தான் வழக்குப் பதிவோம் என்று காவல் நிலையத்தில் சொன்னால் ஏற்காதீர்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு அது தேவையில்லை. 14566 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் பேசலாம். புகாரில் கையெழுத்துப் போடும்போது காலனித் தோழரின் பெயருக்குப் பக்கத்தில் ஊர்த் தோழரின் பெயரும் இருக்கட்டும். பழி முழுவதும் அவர் ஒருவர் தலையில் விழ விடாதீர்கள். நாளைக்கும் அவர் அதே தெருவில்தான் நடக்க வேண்டும்.

நம்முடைய குடவோலையில் எல்லோர் பெயரும் இருக்கும். எந்த உணவுக்கும் பிராயச்சித்தம் கிடையாது. அதைக் கல்லில் வெட்ட வேண்டாம். நாளைக் காலை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காட்டினால் போதும்.

ஜெய் பீம்! வாழ்க பெரியார்!