விதி அல்ல, கணக்கு!



'சூதாடியைத் தோற்கடிப்பது விதியா, கணக்கா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் தருமரைக் காட்டி, 'எல்லாம் விதி' என்று உருகினார். ஐயா, தருமரை ஜெயிக்கச் சகுனி சூழ்ச்சி செய்ய வேண்டியிருந்தது. மொனாக்கோ நாட்டு மான்டி கார்லோவிலே சூதாட்ட விடுதி நடத்துகிறவனுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. ஒழுங்காக ஆடியே ஜெயிக்கிறான்! (சிரிப்பு)

எப்படி? அங்கே ரூலெட் என்று ஒரு சக்கரம். 0 முதல் 36 வரை மொத்தம் 37 குழிகள். சுழல்கிற சக்கரத்தில் பந்தை விடுவான். நீங்க பணம் கட்டின எண்ணில் விழுந்தால், கணக்குக்கு ரூபாயென்றே வைத்துக்கொள்வோம், 1 ரூபாய்க்கு 35 ரூபாய் லாபம். கட்டின ரூபாயும் திரும்பி வரும். அடேயப்பா என்று தோணும்! 37 எண்ணிலும் ஒவ்வொரு ரூபாய் கட்டிப் பாருங்க. போனது 37. வந்தது 36. அந்த ஒரு ரூபாய்தானய்யா அவனுக்கு மாளிகை கட்டிக் கொடுத்தது! (கைதட்டல்) அமெரிக்கச் சக்கரத்தில் இரட்டைப் பூஜ்யமும் உண்டு. 38 குழி. அங்கே இரண்டு ரூபாய் போச்சு.

'100 ரூபாய்க்கு 2 ரூபாய் 70 காசுதானே, போகட்டும்' என்பீர்கள். ஒரு ஆட்டத்தோடு எழுந்து வருகிறவர் யார்? 100 ரூபாய் வீதம் 40 தடவை கட்டினால் 4,000 ரூபாய்ப் பந்தயம். சராசரியாக 108 ரூபாய் அவன் பக்கம். லாஸ் வேகாஸ் விடுதிகளில் ஆடிக்கொண்டிருக்கிறவனுக்கு மது இலவசம். இந்த மாப்பிள்ளை உபசாரம் எதுக்கு? நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது, அதுக்குத்தான்!

1913 ஆகஸ்ட் 18. மான்டி கார்லோவில் பந்து தொடர்ந்து 26 தடவை கறுப்பிலேயே விழுந்தது. 'இனிமேல் சிவப்பு வந்தே தீரணும்' என்று கூட்டம் பணத்தைக் கொட்டித் தோற்றது. பந்துக்கு ஏதுங்க ஞாபகசக்தி? முந்தின ஆட்டம் அதுக்குத் தெரியாது. விதியை நம்பினவன் வெறுங்கையோடு போனான். கணக்கை நம்பினவன் கல்லாவைப் பூட்டினான்.

ஜெயிக்கிறவனே கிடையாதா? உண்டு. அவன்தான் விடுதிக்கு விளம்பரம்! வள்ளுவர் 'சூது' என்று தனி அதிகாரம் வைத்து, முதல் குறளிலேயே வெற்றியைத்தான் தூண்டில் என்று எச்சரித்தார்.

கடைசியாக ஒன்று. அந்தச் சூதாட்டக் கூடத்தில் மொனாக்கோக் குடிமக்கள் ஆடக்கூடாது என்று தடை. அந்த ஊர்க்காரனுக்கு நல்ல விதியே இருக்காதா? கணக்குத் தெரிந்துதான் தடுத்தார்கள். தன் பிள்ளைக்குப் பரிமாறாத சோற்றை ஊருக்குப் போடுகிறான் என்றால், அது எப்பேர்ப்பட்ட சோறு!

தாய்மார்களே, சம்பளத்தைத் தொலைத்துவிட்டு 'என் விதி' என்று ஒருவர் வந்து நின்றால், ஒரு காகிதத்தில் 37 என்றும் 36 என்றும் எழுதிக் காட்டுங்கள். நடுவர் அவர்களே, தீர்ப்பும் அதுவே. (பலத்த கைதட்டல்)