ரசம் போன கண்ணாடி



நிலைக்கண்ணாடியின் பின்புறத்து ரசம் உதிர்ந்துபோனால் அதில் முகம் தெரிவதில்லை. மீண்டும் பூசினால் தெரியும். இச்சிறு கைத்தொழிலின் பெயரைக் கணினித் துறையினர் தமது தொழில் ஒன்றுக்குச் சூட்டியிருக்கின்றனர். பல வன்தட்டுகளை ஒன்றாகப் பிணைத்து ஒரே களஞ்சியமாக ஆளும்போது, அவற்றுள் ஒன்று பழுதாகிவிட்டால், புதிய தட்டொன்றைப் பொருத்தி, இழந்த பகுதியை எஞ்சிய தட்டுகளைக் கொண்டே எழுதுவிப்பதை அவர்கள் ‘மீள ரசம் பூசுதல்’ என்கின்றனர்.

இத்தகைய களஞ்சிய முறைகளுள் பெயர்பெற்றது இசட்.எஃப்.எஸ். என்பதாகும். அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் 2001ஆம் ஆண்டில் ஜெஃப் போன்விக், மத்தியூ ஆரன்ஸ் என்போர் தொடங்கிய இவ்வேலை 2005இல் பொதுமக்கள் கைக்கு வந்தது.

இழந்ததை எஞ்சியதிலிருந்து பெறுவது எங்ஙனம்? முதல் தட்டில் 5, இரண்டாவதில் 7, மூன்றாவதில் அவற்றின் கூட்டுத்தொகையாகிய 12 எழுதப்பட்டிருப்பதாகக் கொள்ளுங்கள். எத்தட்டு அழிந்தாலும் மற்ற இரண்டும் அதன் எண்ணைச் சொல்லிவிடும். உண்மைக் கணக்கு இதனினும் சற்று வேறானது. ஆயினும் அதன் உயிர்நாடி இதுவே.

ஆகவே ஒரு தட்டு மாண்டவுடன் களஞ்சியம் மாண்டுவிடுவதில்லை. தாழ்ந்த நிலையில் நின்று வேலை செய்துகொண்டே இருக்கும். ஒரு வைத்தியசாலையின் நோயாளர் பதிவேடுகள் அதில் இருக்குமாயின், அவற்றை அப்போதும் வாசிக்கலாம். உண்மையான ஆபத்து அதற்குப் பின்னரே தொடங்குகிறது. ரசம் பூசும் வேலை பல மணி நேரம், சில வேளை பல நாள் நீடிக்கும். அவ்வளவு நேரமும், ஒருமித்து வாங்கப்பட்டு ஒருமித்தே முதுமை எய்திய மற்றத் தட்டுகள் ஓய்வின்றி வாசிக்கப்படுகின்றன. சாதாரணத் தட்டுகளுக்கு உற்பத்தியாளர் தரும் வரம்பு, ஏறத்தாழ 12.5 டெராபைட் வாசிப்பதற்குள் ஒரு பிழை நேரலாம் என்பது. பழைய முறைகள் சில அவ்வொரு பிழைக்காக முழு வேலையையும் கைவிட்டுவிடும். இசட்.எஃப்.எஸ். ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால், சிதைந்த கோப்பு இன்னதெனப் பெயர் கூறிவிட்டு மேலே செல்லும். எல்லாம் போயிற்று என்பதற்கும் இன்ன கோப்புப் போயிற்று என்பதற்கும் உள்ள வேற்றுமையைப் பதிவேடு காப்பவரே அறிவர்!

இவ்வேளையில் அவசரமே பெரும்பகை. பழுதான தட்டென்று எண்ணி நல்ல தட்டைக் கழற்றிவிடுவோர் பலர். தட்டின் மேல் பொறித்த தொடரிலக்கத்தைத் திரையில் காணும் இலக்கத்துடன் ஒப்பிடாமல் எதையும் தொடுதல் ஆகாது. பழுது தட்டிலன்றி அதன் கம்பியிலேயே இருப்பதும் உண்டு. கம்பியை மாற்றிப் பார்ப்பதற்குச் செலவு அதிகமில்லை.

சில களஞ்சியங்களில், அவசர எழுத்துகளை முதலில் ஏற்றுவைக்கும் குறிப்புச் சாதனம் தனியே இருக்கும். மின்தடையோடு அதுவும் கெட்டுப்போனால் களஞ்சியம் திறக்க மறுக்கும். மனம் தளர வேண்டியதில்லை. அச்சாதனமின்றியே திறக்குமாறு பணிக்கலாம். தட்டுகளைச் சென்றடையாத கடைசிச் சில விநாடி எழுத்துகளே இழப்பாகும்.

தாங்கக்கூடிய எண்ணிக்கைக்கு மேல் தட்டுகள் கெட்டால் நிலைமை கடினம். அப்போதும் பழுதான தட்டை எறிந்துவிடாதீர்கள். சிறிதேனும் வாசிக்கக் கூடியதாயின், அதனைத் துண்டு துண்டாகப் புதிய தட்டொன்றுக்குப் பிரதி செய்து, அப்பிரதியை அதனிடத்தில் வைத்து, எழுதவிடாமல் வாசிக்க மட்டும் களஞ்சியத்தைத் திறந்து பார்க்கலாம். ஒரு தட்டு மட்டும் தள்ளாடும் வேளையிலும் இதே நிதானம் வேண்டும். புதியதை அதன் அருகே பொருத்தி, வேலை முடியும் வரை பழையதையும் இருக்கவிடுங்கள். மற்றொரு தட்டு தடுமாறும் இடத்தில் அப்பழைய தட்டே விடையைத் தரக்கூடும். பூச்சு முடிந்ததும் களஞ்சியம் தானாகவே அதனை விலக்கிவிடும்.