தண்ணீரைக் காக்கும் கைகள்

(ஸ்தோத்திரப் பண்டிகைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எரிகோவின் கெட்ட தண்ணீரை எலிசா தீர்க்கதரிசி ஆரோக்கியமாக்கியதை நாம் அறிவோம். நமது ஆஸ்பத்திரியிலும் வார்டுகளிலிருந்து வெளியேறும் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு, கழிப்பறைகளுக்கும் தோட்டத்திற்கும் திரும்ப வருகிறது. அந்த நிலையத்தை இரவும் பகலும் கவனிப்பவர்கள் இரண்டு ஆபரேட்டர் தம்பிமார்.

காற்றூதும் புளோயர் நின்றுபோனால் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் மடியத் தொடங்கும். குளோரின் குறைந்தால் நோய்க்கிருமிகள் தப்பிவிடும். மூடிய தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு மிகுந்தால், மூக்கு அதன் நாற்றத்தையே உணராமல் போகும். உள்ளே இறங்கினவரும், அவரைத் தூக்க இறங்கினவரும் சேர்ந்து மாண்ட செய்திகளைப் பத்திரிகைகளில் வாசிக்கிறோம். பாதுகாப்புச் சாதனமின்றி ஒருவரை அங்கே இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

கலிபோர்னியாவில் கழிவுநீர் நிலைய ஆபரேட்டர்களுக்கு ஐந்து தரங்களில் தேர்வும் சான்றிதழும் உண்டு. நர்சுக்குச் சான்றிதழ் கேட்கிற நாம், இவர்களைப் பயிற்சியின்றி விடலாமா?

ஆகவே இருவரையும் பயிற்சிக்கு அனுப்பத் தீர்மானித்திருக்கிறோம். ஒரு லிட்டர் ஜாடியில் அரைமணி நேரத்தில் சேறு எவ்வளவு படிகிறதென்று பார்க்கவும், மீந்திருக்கும் குளோரினை அளக்கவும், வாயுவைச் சோதிக்காமல் எந்தத் தொட்டியிலும் இறங்காதிருக்கவும் கற்பார்கள்.

ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் இவர்களைத் தாங்குங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.