மோட்டாரைப் பார்க்காதீங்க, காற்றை அளங்க!



எங்க குழு தென்னை நார்த்தூளைச் சூடான காற்றில் உலர்த்தி விற்கிறது. அந்தக் காற்று வெளியேறும்போது தூசியும் கூடவே வரும். முகத்துல துணி கட்டினா மட்டும் போதாது. தூசி பிடிக்கும் கருவி வேணும்.

விற்பவர் மோட்டார் எத்தனை எச்.பி.ன்னுதான் பேசுவார். நாம காற்றைப் பற்றிக் கேட்கணும். சூட்டில் காற்று விரியும், நீராவி சேரும், இடுக்கு வழியா வெளிக்காற்றும் நுழையும். அதனால உலர்த்தி ஓடும்போதே, காற்று வெளியேறும் இடத்தில் அளக்கச் சொல்லுங்க.

நிமிஷத்துக்கு 2000 கன அடி வருதுன்னு வைங்க. ஒரு சதுர அடித் துணிக்கு 4 கன அடி என்றால், 500 சதுர அடி துணி வேணும். 6 அங்குல விட்டம், 8 அடி நீளமுள்ள பை ஒன்றுக்குச் சுமார் 12.5 சதுர அடி. ஆக, 40 பை. இருபதே பை போட்டா சீக்கிரம் அடைச்சுக்கும், தூசி நம்ம நெஞ்சுக்குள்ள போகும், கடன் தவணை மட்டும் நிக்காது.

இன்னும் ரெண்டு விஷயம். ஈரக்காற்று வழியில் குளிர்ந்தா, பையில் தூசி சேறா அப்பும். குழாய்க்குச் சூடு காக்கும் உறை போடணும். அடுப்புப் பொறி பறந்து வந்தா பை எரியும். பைக்கு முன்னாடி சைக்ளோன் வைக்கணும், பொறியை அணைக்கவும் வழி கேட்கணும்.

இதையெல்லாம் விலைப்பட்டியலில் எழுதி வாங்கிட்டு, அப்புறம் தீர்மானம் போடுங்க.