வடசென்னை மாறுகிறது – நம் கடை எங்கே?

(இராயபுரத்தில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கி வைக்கப்பட்டது. 4,181 கோடி ரூபாய்! பிராட்வேயில் குறளகத்தையும் பேருந்து நிலையத்தையும் சேர்த்து 800 கோடிக்கு மேல் செலவில் அடுக்குமாடி வளாகம் என்கிறார்கள். வரட்டும். 1856-லேயே இரயில் ஓடிய ஊர் நம் இராயபுரம். இன்றும் ஒரு மழைக்குத் தெருவெல்லாம் தண்ணீர். திருவொற்றியூர், எண்ணூர் நிலையை நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்? காலம் கடந்து வருகிற நம் பங்கை நாம் ஏன் தடுக்க வேண்டும்? கட்டிடம் எழும்பிய பிறகு உள்ளே யார் உட்காரப் போகிறார் என்பதே என் கேள்வி.

மூர் மார்க்கெட்டை நினைத்துப் பாருங்கள். 1900-இல் திறந்த சந்தை. நம்மவர்கள் எத்தனை பேர் அங்கே கடை வைத்துப் பிழைத்தார்கள்! 1985 மே 30 அன்று எரிந்து போனது. தீ எப்படிப் பிடித்தது என்று கேட்பவர் இன்றும் உண்டு. அந்த இடத்தில் இரயில்வேயின் புறநகர் முனையம் எழுந்தது. வியாபாரிகள் அல்லிக்குளத்துக்குப் போனார்கள். கடை கிடைத்தது, பழைய கூட்டம் கிடைக்கவில்லை.

1996-இல் கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தை கோயம்பேடு போனது. 2002-இல் வெளியூர்ப் பேருந்துகளும் அங்கேயே போயின. நெரிசல் என்றார்கள். பொய்யல்ல, அந்தச் சந்துகளில் லாரி திரும்ப முடியாது. ஆனால் மண்டிக்காரருக்குப் புது இடத்தில் கடை உண்டு. அவருக்கு மூட்டை தூக்கியவர், கைவண்டி இழுத்தவர், மண்டி வாசலில் டீ விற்றவர் பெயரெல்லாம் எந்தப் பட்டியலில் இருந்தது?

பம்பாய் பேண்டி பஜாரைப் பாருங்கள். போரா சமூகத்தாரின் அறக்கட்டளை 2009 முதல் 16.5 ஏக்கரைப் புதுப்பிக்கிறது. வேலை மெதுவாகத்தான் நடக்கிறது, அது வேறு விஷயம். சுமார் 3,200 குடும்பங்கள், 1,250 கடைகள் என்று கணக்கு அவர்கள் கையில் இருக்கிறது. மண்ணடியில் நமக்கு எத்தனை கடை? யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்!

நடைபாதை வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்று தரும்வரை அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அதில் சிறுபான்மையினருக்கும் உரிய இடம் தரச் சொல்கிறது சட்டம். அந்தத் தேர்தலில் நம் தள்ளுவண்டிக்காரர்கள் நிற்கிறார்களா?

வாடகைக்கடைக்காரர்களே, உங்களுக்கும் சொல்கிறேன். 'அத்தா காலத்துக் கடை, வாய் வார்த்தை போதும்' என்பது இனி எடுபடாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்து மூல ஒப்பந்தத்தையும் பதிவையும் கேட்கிறது. தற்காலிகமாக இடம் மாறச் சொன்னால், திரும்பி வரும்போது எத்தனை சதுர அடி, என்ன வாடகை, எந்தத் தளம் என்று எழுதி வாங்காமல் ஷட்டரை இறக்காதீர்கள். மூன்றாவது மாடியில் பாய்க்கடை வைத்தால் யார் ஏறி வருவார்?

இளைஞர்களே! வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஒரு மேசையைப் போடுங்கள். வாடகை ரசீது, உரிமம், மின்கட்டண அட்டை, எது இருந்தாலும் இரண்டு நகல் எடுங்கள். தெருவாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். பூக்கார அம்மாவையும், செருப்புத் தைப்பவரையும், எந்த மதத்தவராக இருந்தாலும், விடாமல் எழுதுங்கள்.