விருப்பு வாக்குச் சண்டை தேர்தலோடு போகட்டும்

(மாவட்டக் கமிட்டிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தேர்தல் முடிந்துவிட்டது. நம் லயங்களில் மட்டும் இன்னும் முடியவில்லை. நம் சங்கத்து வேட்பாளர்கள் இருவரில் ஒருவர் வென்றார், மற்றவர் தோற்றார். இன்று பக்கத்துக் காம்பராக்காரர்கள் பேசிக்கொள்வதில்லை. கோயில் திருவிழாக் கமிட்டிகூட இரண்டாகிவிட்டது.

இதைச் செய்தது நாம்தான். கட்சிச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டபின் மூன்று பேர் வரை விருப்பு வாக்குக் கொடுக்கலாம். 1989 முதல் பாராளுமன்றத் தேர்தல் இப்படித்தான் நடக்கிறது. கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பது சின்னத்துக்கு விழும் வாக்கைப் பொறுத்தது. அதில் யார் உட்காருவது என்பதைத்தான் விருப்பு வாக்கு முடிவு செய்கிறது. நம் இருவருக்கும் சேர்த்தே போட்டிருக்கலாம். அதன் பிறகும் ஒரு இலக்கம் மிச்சம் இருந்திருக்கும். "எங்கள் ஆளுக்கு மட்டும் போடுங்கள்" என்று லயம் லயமாகச் சொன்னது யார்? இரண்டு பக்கமும்தான். மேடையில் இருக்கும் நாங்களும் சொன்னோம்.

பழைய ஆட்களுக்கு இது புதிதல்ல. 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸிலிருந்து 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது; பின்னர் வாக்குரிமையும் போனது. அப்படி நாடற்றவர்களாக நின்ற காலத்தில்தான் தொண்டமானும் அஸீஸும் பிரிந்தார்கள். 1956இல் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் தனியாக உருவானது. யார் பக்கம் நியாயம் என்று வழக்குப் பேச நாங்கள் வரவில்லை. வாக்கே இல்லாத நம் சனம் இரண்டு சங்கமாக நின்றது.

நம் பகை துரைமாருக்கும் தெரியும். ஒரு தோட்டத்தில் அரைப்பேர் போட்டதைக் கேட்கப் போன தலைவரிடம், "உங்கள் மற்றக் கோஷ்டி இதற்குச் சம்மதித்துவிட்டதே" என்றார்களாம். யாரும் சம்மதிக்கவில்லை. ஆனால் அதைக் கேட்டுத் தலைவர் வாயடைத்துத் திரும்பியிருக்கிறார்.

வென்ற பக்கத்துத் தோழர்களே, தோற்றவருக்கு வேலை செய்த தலைவர்களை மாற்றச் சொல்லிக் கடிதங்கள் அனுப்பியிருக்கிறீர்கள். அவற்றை நாங்கள் எடுக்கப் போவதில்லை. தலைவரைத் தெரிவு செய்வது அந்தத் தோட்டத்து அங்கத்தவர்கள். பிணக்கோடு காரியாலயத்துக்கு வருபவரிடம் யாருக்குப் புள்ளடி போட்டாய் என்று ஒருவரும் கேட்கக் கூடாது.

தோற்ற பக்கத்துத் தோழர்களே, உங்கள் மனவருத்தம் நியாயமானது. இரவு பகல் பாராமல் உழைத்தீர்கள். ஆனால் சந்தாவை வேறு சங்கத்துக்கு மாற்றும் படிவம் சில தோட்டங்களில் சுற்றுகிறது. அதில் கையெழுத்து வைக்கும் முன் காரியாலயத்துக்கு வந்து எங்களைத் திட்டுங்கள். கேட்டுக்கொள்கிறோம். அடுத்த மாவட்டக் கமிட்டியில் உங்கள் பக்கத்தவர்களுக்கும் இடம் வைக்கும் பிரேரணை இப்போது சபைக்கு வருகிறது.

வென்றவரும் தோற்றவரும் இனி ஒரே வேனில் தோட்டங்களுக்கு வருவார்கள். (முன் சீட் யாருக்கு என்று அடுத்த சண்டை வேண்டாம்.) முதலில் போவது அரைப்பேர் விழுந்த அந்தத் தோட்டத்துக்கு. திங்கட்கிழமை காலைப் பிரட்டுக்கு அங்கே நிற்போம். யாருக்கு எத்தனை நாள் அரைப்பேர் விழுந்தது என்ற விபரத்தை இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து எழுதி வையுங்கள்.