கடலின் தரையில் ஒரு தூண்டில்



தேவ்நாரிலிருந்து கடல் எவ்வளவு தூரம்? கேட்டவுடன் பலர் ஜுகு என்பார்கள். சௌபாத்தி என்பார்கள். ஆனால் தேவ்நாருக்குக் கிழக்கே பாருங்கள். அங்கே சதுப்பு நிலம் இருக்கிறது. அதைத் தாண்டினால் தானே கழி. கடல் நீர் ஊருக்குள் புகுந்து ஏறி இறங்கும் இடம் அது. அதுவும் கடல்தான். பக்கத்திலேயே டிராம்பே, மாகுல் ஆகிய ஊர்கள் உள்ளன. அங்கே கோலி மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள்.

இன்றைய பேச்சு அலையைப் பற்றியது அல்ல. கடலின் தரையைப் பற்றியது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தரையில் தூண்டில் போட்டு மீன் பிடிப்பது எப்படி? அதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

தேவ்நாரில் வாழும் நான்கு நண்பர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் டாக்சி ஓட்டுகிறார். ஒருவர் தையல்காரர். ஒருவர் கொத்தனார். நான்காமவர் வயதில் மூத்தவர். குமரிக் கரையிலிருந்து வந்தவர். மற்றவர்கள் அவரை "அண்ணாச்சி" என்று அழைப்பார்கள். மழைக்காலம் முடிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போய்த் தூண்டில் போடலாம் என்று நால்வரும் முடிவு செய்கிறார்கள்.

"ஜூன் மாதமே போயிருக்கலாமே, அண்ணாச்சி?" என்று டாக்சிக்காரர் கேட்கிறார்.

"வேண்டாம் தம்பி. அப்போது கடல் கொந்தளிக்கும். மீன் முட்டையிடும் காலமும் அதுதான்" என்கிறார் அண்ணாச்சி.

அவர் சொன்னது சரி. மேற்குக் கரையில் ஜூன், ஜூலை மாதங்களில் விசைப்படகுகள் மீன் பிடிக்க அரசு தடை விதிக்கிறது. 2015 முதல் இந்தத் தடை 61 நாள். கோலி மக்கள் ஆவணிப் பௌர்ணமியை ஒட்டி நாரளி பூர்ணிமா கொண்டாடுகிறார்கள். கடலுக்குத் தேங்காய் படைத்து, புதிய பருவத்தைத் தொடங்குகிறார்கள்.

படகில் ஏறும் முன் கவனிக்க வேண்டியவை சில உண்டு. படகு ஆட்களை ஏற்ற அனுமதி பெற்றதா? ஆளுக்கு ஒரு உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா? வானிலை அறிவிப்பு என்ன சொல்கிறது? 2024 டிசம்பர் 18 அன்று கேட்வேயிலிருந்து எலிபெண்டாவுக்குச் சென்ற நீல்கமல் படகின் மீது கடற்படையின் வேகப்படகு மோதியது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். படகில் பலர் உயிர்காப்புச் சட்டை அணிந்திருக்கவில்லை. சட்டை பெட்டியில் கிடந்தால் உயிரைக் காக்காது. உடம்பில் இருக்க வேண்டும். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம். கரையை விட்டுத் தூரம் போனால் கைப்பேசி வேலை செய்யாது. ஆகவே படகில் ரேடியோவும் வேண்டும்.

அடுத்தது, நீரோட்டம். கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். மும்பையில் இதை பர்த்தி, ஓஹோட்டி என்பார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் பெரிதாக இருக்கும். மும்பையில் அது சில நாட்களில் 5 மீட்டரை நெருங்கும். அந்நாட்களில் நீர் வேகமாக ஓடும். ஈயக்குண்டு தரையில் நிற்காது. இழுத்துக்கொண்டு போய்விடும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே நீர் சற்று நேரம் அசையாமல் நிற்கும். தரைத் தூண்டிலுக்கு அதுவே நல்ல நேரம்.

படகு புறப்படுகிறது. ஓட்டுபவர் ஒரு கோலி தாண்டேல். கரை சிறிதாகத் தெரியும் இடத்தில் நங்கூரம் போடுகிறார். அண்ணாச்சி தங்கூஸ் நரம்பில் ஈயக்குண்டைக் கட்டி இறக்குகிறார். குண்டு தரையைத் தொட்டதும் நரம்பு தளர்கிறது. அதை மேலே இழுத்து, இரு கைகளையும் விரித்து அளக்கிறார். ஒரு விரிப்பு ஒரு பாகம். ஏறக்குறைய ஆறு அடி. பத்துப் பாகம் வந்தது. அதாவது அறுபது அடி ஆழம்.

"ஆழம் மட்டும் போதாது" என்கிறார் அண்ணாச்சி. "கீழே சேறா, மணலா, பாரா என்று தெரியவேண்டும்."

பார் என்றால் கடலுக்கு அடியில் உள்ள பாறைத் திட்டு. பழைய மாலுமிகள் ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி இறக்குவார்கள். கீழே உள்ள மண் அதில் ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பார்த்துத் தரையை அறிவார்கள். குமரிக் கரை மீனவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. தூரத்து மலை, கோயில், மாதா கோயில் கோபுரம் போன்றவற்றை நேர்க்கோட்டில் பார்ப்பார்கள். அப்படி இரண்டு கோடுகள் சேரும் இடமே பார். இதற்குக் கணிச்சம் என்று பெயர். கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்ற பெரிய மீன் மேடு இருக்கிறது. 1976-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்பாட்டில் அது இந்தியாவின் உரிமை ஆனது.

கோலி மீனவர்களும் தரையை நன்கு அறிந்தவர்கள். கழிகளைத் தரையில் ஊன்றி, பை போன்ற டோல் வலையைக் கட்டுகிறார்கள். ஓடும் நீரே மீனை வலைக்குள் தள்ளுகிறது. பொம்பில் மீன் அப்படித்தான் பிடிபடுகிறது.

தூண்டிலுக்கு வருவோம். முள்ளில் கணவாய்த் துண்டு கோத்துத் தரைக்கு இறக்குகிறார்கள். முதலில் தையல்காரருக்கு ஒரு கெளுத்தி கிடைக்கிறது. பிறகு கொத்தனாருக்கு ஒரு கலவா. கலவாவைப் பற்றி ஒரு செய்தி. கலவாவில் பல வகைகள் முதலில் பெண்ணாக இருக்கும். வளர்ந்து பெரிதான பிறகே ஆணாக மாறும். பெரிய மீன்களை எல்லாம் பிடித்துவிட்டால் ஆண் மீன் குறைந்துவிடும். குஞ்சுகளைப் பிடித்தால் பெண் மீன் குறைந்துவிடும்.

"குஞ்சைத் திரும்பக் கடலில் விட்டால் போயிற்று!" என்கிறார் டாக்சிக்காரர்.

அது எப்போதும் பலிக்காது. ஆழத்திலிருந்து வேகமாக மேலே வரும் மீனின் காற்றுப்பை வீங்கிவிடும். அந்த மீனால் மறுபடி கீழே போக முடியாது. அதனால் முதலிலேயே பெரிய முள்ளாகப் போட வேண்டும். சிறிய வாய் அதைக் கவ்வாது. வேண்டிய அளவு கிடைத்ததும் நிறுத்திவிட வேண்டும். நான்கு குடும்பத்துக்கு நான்கைந்து மீன் போதும்.

மூன்றாம் முறை டாக்சிக்காரரின் நரம்பு கனக்கிறது. பெரிய மீன் என்று இழுக்கிறார். வந்தது மீன் அல்ல. சேறு நிறைந்த ஒரு பிளாஸ்டிக் பை.

சகோதரர்களே, இந்தப் பை எங்கிருந்து வந்தது? தேவ்நார் குப்பைமேடு 1927-இல் தொடங்கியது. அது கழியின் ஓரத்திலேயே இருக்கிறது. நகரத்தின் சாக்கடைகளும் கழியில், கடலில்தான் விழுகின்றன. தெருவில் எறிந்த பை மழையில் சாக்கடைக்குப் போகிறது. சாக்கடையிலிருந்து கழிக்கு. கழியிலிருந்து கடலுக்கு. பிறகு சேறு ஏறித் தரையில் படிகிறது. மீன் மேயும் இடமும் அதுதான்.

2010 ஆகஸ்டு 7 அன்று மும்பைத் துறைமுகத்துக்கு வெளியே எம்எஸ்சி சித்ரா, கலிஜியா-3 என்ற இரு கப்பல்கள் மோதின. எண்ணெய் கடலில் பரவியது. மீன் வாங்கவே மக்கள் பயந்தார்கள். மீனவர் பிழைப்பு போனது. அது ஒரு நாள் நடந்த விபத்து. எல்லோரும் பேசினார்கள். குப்பை அன்றாடம் விழுகிறது. அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

தானே கழியில் இன்றும் உயிர் இருக்கிறது. நாரைகளைப் போன்ற பூநாரைகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வருகின்றன. 2015-இல் அரசு அங்கே சரணாலயம் அமைத்தது. 2022-இல் அது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. டிராம்பேயில் இன்றும் படகுகள் நிற்கின்றன.

கடைக்குப் போகும்போது துணிப்பை எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக்கைச் சாக்கடையில் போடாமல் தனியே சேர்த்துக் காயலான் கடைக்குக் கொடுங்கள். உங்கள் சந்தில் குப்பைத் தொட்டி இல்லையா? பத்துப் பேர் சேர்ந்து நகராட்சி வார்டு அலுவலகத்துக்கு மனு எழுதுங்கள். எழுதக் கற்ற கை அதற்கும் உதவட்டும்.

மீன் தின்னும் தரையும் மனிதன் உண்ணும் தட்டும் வேறு வேறு அல்ல.